மணம் போகாமல் இருக்க

உப்பு ஜாடியில் பத்துப் பதினைந்து அரிசியைப் போட்டு வை. ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளும், உப்பு உதிரியாக நிற்கும். சர்க்கரையில் நாலு கிராம்பு போட்டால் எறும்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பருப்பில் காம்போடு காய்ந்த மிளகாய், மாவில் பிரிஞ்சி இலை. ரவையை வாங்கின அன்றைக்கே வறுத்து ஆறவைத்துவிடு. என் தம்பியைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஆகிறது, இப்போதுதான் உன் வீட்டு ரவையில் இருக்கும் வண்டு உன் கண்ணில் பட்டிருக்கிறது. பரவாயில்லை. அவன் இத்தனை நாளும் அதையும் சேர்த்துத்தான் தின்றிருப்பான். தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கிடையாது.

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. போன மாதம் அப்பா இறந்ததற்கு நீங்கள் வந்திருந்தபோது, சமையலறையில் ஒரு மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "அண்ணி, அத்தை அரைச்ச பொடி நாலு வருஷம் கழிச்சும் இப்படி மணக்குதே, எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். அதை விளக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறாய். இன்னொன்று, உன் அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், மாமாவைக் கடைசிவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணி வந்து அம்மாவையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது. முதல் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதை அதிலிருந்து நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

பொடிக்கு நாலு எதிரிகள். காற்று, வெளிச்சம், ஈரம், சூடு. பிஸ்கட் தொழிற்சாலையின் சரக்கறையில் பதினெட்டு வருடம் இருந்தவள் நான். ஏலக்காய் மூட்டையைப் பிரிக்காமலேயே அது எந்த மாதத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். நாலில் மோசமானது காற்றுதான். மற்ற மூன்றும் வெளியே நின்று தொல்லை கொடுக்கும், காற்று நாமே மூடியைத் திறந்து உள்ளே விடுகிற எதிரி. அதனால் தேவையில்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நீ கடைப்பிடித்தாலே பாதி வெற்றி.

அம்மா கடைசியாகப் பொடி அரைத்தது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு. மல்லி, மிளகு, சீரகம், மிளகாய், இன்னும் அவள் கைக்கு மட்டும் தெரிந்த இரண்டு மூன்று சாமான்கள். உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அரைத்தாள். நீ வந்து வாங்கிக்கொள்ளவே இல்லை. குத்திக்காட்டவில்லை, கணக்கு சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். அம்மா போன மறுவாரம் அந்தப் பெரிய ஜாடியை எடுத்து, தொழிற்சாலையில் எசன்ஸ் மாதிரி வரும் சின்னச் சீசாக்கள் அறுபதில் பிரித்து நிரப்பினேன். பெரிய ஜாடி ஒன்று இருந்தால் தினமும் திறக்க வேண்டும், தினமும் மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அறுபதாகப் பிரித்தால் ஒன்றைத் திறக்கும்போது ஐம்பத்தொன்பது தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சீசாவிலும் வறுத்த அரிசியை மெல்லிய துணியில் முடிந்து போட்டேன். மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். பழுப்புத் தாளில் சுற்றி, அடுப்புக்குத் தூரமாக, என் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்தேன். அவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

சமைப்பதற்காகத்தான் வைத்தேன் என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா இறந்தது காலை பத்து மணிக்கு. அப்பாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். தம்பி சாயங்காலம்தான் வந்தான், அதனால் நடுவில் நடந்தது அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதங்களில் எல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். "வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மாவுக்குக் கட்ட ஒரு புடவை எடுக்க நான் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவர் மேஜை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்தினம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அம்மா ஆக்கி, பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்த சாப்பாடு. அதை அவரே சுடவைத்திருக்கிறார். தட்டை வழித்துச் சாப்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்பிடலையா?" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று எழுதுவது அவர் வேலை. டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிமிஷக்காரர். வீட்டிலும் அப்படித்தான். ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் ஒரு மணிதான். ஆனால் கட்டினவள் உடம்பு ஆஸ்பத்திரியில் குளிர்ந்துகொண்டிருக்கும்போதும் அந்த ஒரு மணி தப்பவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு முழுவதும் அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த ஒன்றரை வருடமும் இல்லை. நானும் அழவில்லை, ஆனால் அது வேறு. எனக்கு வேலை இருந்தது.

பிறகு அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. நான் வேலையை விட்டேன். முதலில் கிழமை போனது, அப்புறம் மாதம், அப்புறம் வருடம் போனது. நிமிஷம் மட்டும் கடைசிவரை இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வார், அது எந்த வருடத்து மணி என்றுதான் தெரியாது.

ஒருநாள் காலை எனக்கு அம்மாவின் கைமணத்துக்கு நாக்கு ஏங்கியது. முதல் சீசாவின் மெழுகை உடைத்து, ஒரு கரண்டிப் பொடியைச் சூடான வாணலியில் போட்டேன். மணம் வீடு முழுக்கப் பரவியது. அப்பா தன் அறையிலிருந்து வரும் சத்தம் கேட்டது. வேகமாக, செருப்புக்கூடப் போடாமல் வந்தார். சமையலறை வாசலில் நின்று, "சிட்டு, அடுப்புல என்ன?" என்றார்.

அம்மாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் காதுபட அவர் அம்மாவை 'இந்தா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் நான் பார்த்ததில்லை. புது மாப்பிள்ளைக் களை. எனக்கு ஏனோ கோபம் வந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா இறந்துட்டாங்கப்பா."

"எப்போ?"

"காலைல. பத்து மணிக்கு."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன், அதுதான் உண்மை. அதற்குப் பிறகு அவர் அழுதார் பார், அப்படி ஓர் அழுகையை நான் எங்கும் கேட்டதில்லை. எழுந்து சட்டையை மாட்டினார், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார், பித்தானைப் போட விரல் வரவில்லை. நான் போட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் எல்லாம் மறந்து, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றரை வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் மிகவும் பொறுமையாக விளக்கினார். "ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்திம்மா. மறுபடி மறுபடி இதே அதிர்ச்சின்னா இதயம் தாங்காது. கேட்டா, கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லிடுங்க. அந்தப் பொய்ல தப்பே இல்ல." இதை அப்படியே உங்களிடம் போனில் சொன்னேன், தம்பியும் அப்படியே செய்யச் சொன்னான். நானும் சரி என்றேன். ஆனால் டாக்டர் சொன்னதில் என் காதில் தங்கியது 'புது' என்ற ஒரு சொல்தான். எதையும் புதிதாக வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சரக்கறையில் இருந்தவளுக்குத் தெரியும். இங்கே ஒரு துக்கம் ஒன்றரை வருடம் கழித்தும் அன்று அரைத்தது போல இருந்தது.

வாரத்துக்கு நாலு நாள், சில வாரம் ஐந்து நாள் செய்தேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, துவைத்த வேட்டி கட்டி, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்துவிடுவேன். பராமரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. பதினொரு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு கரண்டி போதும். முதல் தடவை தரையில் உட்கார்ந்தார் அல்லவா, முட்டி வலிக்கும் என்று அடுத்த தடவையிலிருந்து சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அவர் வருவார், "சிட்டு" என்பார், சிரிப்பார். நான் சொல்வேன். ஒருநாளும் பொய் சொல்லவில்லை. எப்போ என்று கேட்பார், சாப்பிட்டாளா என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். ஒரு சீசா ஆறு தடவைக்கு வரும். அறுபதை ஆறால் பெருக்கிப் பார்க்காதே. நான் பார்த்துவிட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், எங்கள் கட்டடத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு அழுகைச் சத்தம் கேட்கும். ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, "பொண்டாட்டியை நெனச்சு இப்படி உருகுற ஆம்பளையை நான் பார்த்ததே இல்ல. உங்கம்மா கொடுத்து வச்சவங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆமாம் என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவுக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நாலாவது மாதம் ஒருநாள், அழுகைக்கு நடுவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒரு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டுடுங்கன்னு சொன்னாம்மா. அதான் கடைசியாப் பேசுனது. அவ கையால ஆக்கி வச்சது. கெட்டுப் போயிடுமேன்னு தின்னேன். தொண்டையில எறங்கவே இல்லம்மா, இருந்தாலும் மிச்சம் வைக்காம தின்னேன்."

எல்லாம் மறந்துபோனவருக்கு அது மட்டும் எங்கிருந்தோ மேலே வந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கெட்டுப்போக விடக்கூடாது என்பதற்காகச் சாப்பிட்டிருக்கிறார். உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டிய காரணம். புரியவும் செய்தது. அன்று மத்தியானம் அவருக்குக் குழைய வடித்துப் பிசைந்து ஊட்டினேன், நெற்றியில் முத்தம்கூடக் கொடுத்தேன்.

ஆனால் அப்போது என்னிடம் நாற்பத்தேழு சீசாக்கள் மிச்சம் இருந்தன.

நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய். மறுபடி எடுத்துப் படி, உன் அம்மாவின் விஷயம் இது. நான் ஏன் நிறுத்தவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கோபம் அன்றோடு போய்விட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று அவர் சிரித்துக்கொண்டே காத்திருப்பார். நீங்கள் உங்கள் வேலையில் இருப்பீர்கள். அம்மா செத்துப்போனாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் வலிக்காது. ஒருத்தருக்காவது அன்று நடந்தது போல வலிக்கட்டுமே. எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வந்தது. அவர் அழும்போது நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். அந்த அரைமணி நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த உறவு.

கடைசி ஒரு வருடத்தில் ஒரு மாற்றம் வந்தது. மூளை மறந்தது, உடம்பு மறக்கவில்லை. மெழுகு உடைகிற சின்னச் சத்தத்துக்கே அறையில் கட்டில் நகரும். சில நாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஏன் அப்பா என்றால், "தெரியலம்மா, பயமா இருக்கு" என்பார். ஒருநாள் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணம் வீணாகக் கூடாது என்று அன்று சமையலறை ஜன்னலை மூடினேன்.

அப்பா போன அன்று நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டையை அவரே மாட்டியிருக்கிறார், பித்தான்கள் ஒன்று தள்ளிப் போட்டிருந்தன. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

"என்னமோ சொல்லப்போற. சீக்கிரம் சொல்லிடும்மா."

சீசா என் கையில்தான் இருந்தது. திறக்கவில்லை. கடைக்குப் போயிருக்காங்க என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

"அம்மா இறந்துட்டாங்கப்பா."

"எப்போ?"

"காலைல. பத்து மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் லேட்டா சொல்றியே" என்றார். நிமிஷக்காரர் அல்லவா. அழவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தார். "சாப்பிட்டாளா" என்று கேட்பார், "இல்லப்பா" என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"போய்ச் சாப்பிடு. கெட்டுப் போயிடும்."

சொல்லிவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மூச்சு இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்து இழுத்து. டாக்டர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், போன் அலமாரி மேல் இருந்தது.

நான் சாப்பிட்டேன். காலையில் ஆக்கியது இருந்தது, தட்டில் போட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பாதிச் சாப்பாட்டில் அந்த இழுப்புச் சத்தம் நின்றது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். வயதாகிவிட்டது, இதயம், தூக்கத்தில் போன மாதிரி நிம்மதியான சாவு என்றார். உங்களுக்கும் அதையே சொன்னேன். என் அப்பாவை நான்தான் கொன்றேன். ஒரே நாளில் செய்யவில்லை, இரண்டரை வருடமாகக் கரண்டி கரண்டியாகச் செய்தேன். கடைசி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து முடித்து வைத்தேன். அம்மா போன அன்று அவர் சாப்பிட்டதும் இப்போது நான் சாப்பிட்டதும் ஒன்றுதானே என்று நீ நினைக்கலாம். ஒன்றல்ல. அவர் ஒரு துளி அழாமல் சாப்பிட்டார். என் கண்ணில் நீர் வந்தது. மிளகாய்க் காரமாக இருக்கலாம், ஆனால் வந்தது.

உன் முதல் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. நீ முகர்ந்தது அம்மாவின் பொடி இல்லை. அம்மாவுடையது போன வருடமே தீர்ந்துவிட்டது. கடைசி ஒரு கரண்டியைப் பக்கத்தில் வைத்து முகர்ந்து முகர்ந்து, அதே பக்குவத்தில் நான் அரைத்தது அது. அந்த இரண்டு மூன்று சாமான்களையும் கண்டுபிடித்துவிட்டேன். கடைசி ஒரு வருடம் அப்பா 'சிட்டு' என்று ஓடிவந்தது என் பொடிக்குத்தான். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆளில்லாமல் இருந்தது.

இப்போதும் பதினொரு மணிக்கு ஒரு மூடியைத் திறக்கிறேன். பொடிக்குக் கொஞ்சம் காற்றாட வேண்டும் என்பதற்காகத்தான். நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன், இருந்தாலும் வாசலில் அது இழுபடும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "சொல்லிடும்மா" என்று மட்டும் கேட்கும். நானும் சொல்லிவிட்டு வந்து வேலையைப் பார்ப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. தனியாக இருப்பதால்தான் இதெல்லாம், ஒரு வீட்டில் ஆளோடு ஆளாக இருந்தால் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகும் நீ கூப்பிட்டால் வருகிறேன். உன் அம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவர்களை நான் எதற்காகக் கஷ்டப்படுத்தப்போகிறேன்? குளிப்பாட்டி, நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, பூப்போலப் பார்த்துக்கொள்வேன். என் துணிமணி ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். காலிச் சீசாக்களைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன், அவற்றையும் கொண்டுவருகிறேன், உன் சமையலறைக்கு ஆகும்.

ஒரு விவரம் மட்டும் எழுது. உன் அப்பா தவறிப்போய் ஆறு வருடம் ஆகிறது அல்லவா, அவர் தலைக்கு என்ன எண்ணெய் தேய்ப்பார்?